பினாங்கு, அலோர் ஸ்டார், வீராயியின் கால்

போன மாதம் சுங்கைப் பட்டாணியிலிருந்து என்னோடு வேலை பார்த்தவரின் மகன் காரில் வந்து இறங்கினான். கூடவே அவன் மகளும் வந்திருந்தாள். அந்தப் பெண்ணுக்கு டாக்டர் படிப்புக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று கோலாலம்பூரில், இன்னொன்று கடல் தாண்டி. இரண்டும் பேர் பெற்ற இடங்கள். எதில் சேர்வது என்று வீட்டில் தினமும் சண்டையாம்.

"தாத்தா, ஆஸ்பத்திரியிலயே ஆயுசக் கழிச்சவரு நீங்க. எதுன்னு சொல்லுங்க லா" என்றாள்.

"ரெண்டுல ஒன்ன எடுத்தவன்கிட்ட கேக்கணும்மா. நான் ரெண்டையும் விட்டவன்" என்றேன்.

சிரித்தார்கள். கிழவன் பீற்றிக்கொள்கிறான் என்று நினைத்திருப்பார்கள். பீற்றிக்கொள்ளத்தான் செய்கிறேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்துவிட்டு, ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியைத் தனி ஆளாக நடத்தி, கடிகாரம் வாங்கிக்கொண்டு ரிட்டையர் ஆனவன் கெடாவில் வேறு எவனாவது இருந்தால் வரச் சொல்லுங்கள், கை கொடுக்கிறேன். நான் கட்டிய கட்டு தானாக அவிழ்ந்ததில்லை. நான் போட்ட ஊசி சீழ் கட்டியதில்லை. அவர்களிடம் சொன்னதையும், நடுவில் காப்பி வந்ததால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

திகாம் பத்துக்கு உள்ளே இருந்த தோட்டம் அது. ஜப்பான்காரன் வந்த முதல் மழையில் என் அப்பாவும் அம்மாவும் காய்ச்சலில் போய்விட்டார்கள். ஒருவர் போன வாரத்துக்குள் இன்னொருவர். தொழிலாளர் லயத்தில் இருந்த எங்கள் வீட்டை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அரும்பு மீசை முளைத்த வயது எனக்கு. போக இடமில்லாமல் ஆஸ்பத்திரியில் தரை கழுவப் போனேன். மருந்துக் கிடங்கை ஒட்டிய ஓர் அறையைக் கொடுத்தார்கள். படுத்தால் கால் கதவுக்கு வெளியே நீட்டும். அங்கேதான் தூங்கினேன், அங்கேயே மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்றேன். பேச்சுத் துணைக்குச் சுவரில் பல்லி.

தரை கழுவினவன் எப்படிப் புண் கட்டுகிறவன் ஆனேன் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். கட்டுவதற்கு ஆள் இல்லை. வெள்ளைக்கார டாக்டர் ஓடிவிட்டார். கம்பவுண்டர் பட்டணத்துக்குப் போனவர் திரும்பவில்லை. மிச்சம் இருந்தது புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டும் டிரெசர் கனகசபை ஐயாவும், மூத்த ஆர்டர்லி முனியாண்டி அண்ணனும், நானும்.

கனகசபை ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். பினாங்கு ஆஸ்பத்திரியில் பயின்றவர். ஊரே கிழங்கைத் தின்று வயிறு ஊதிக் கிடந்த நாளில், அந்தக் கிழங்கு அவித்த தண்ணீரை வீணாக்காமல் தன் வெள்ளைக் கோட்டுக்குக் கஞ்சி போட்டு, கரி இஸ்திரி தேய்த்து உடுத்துவார். கணக்கெழுதும் கிராணியிலிருந்து கங்காணி வரை எல்லாரும் என்னை "டேய்" என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஒருவர்தான் "நீர்" என்பார். அதற்காக அன்பாக இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாளும் என் தோளைத் தொட்டதில்லை, சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை.

"கையைக் கழுவினீரோ?"

"கழுவிட்டேன் ஐயா."

"திரும்பக் கழுவும்."

இதுதான் எங்கள் பேச்சு. முக்கால்வாசி நாள் இதற்கு மேல் இருக்காது.

அந்த வருஷம் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். வீராயியின் புருஷனைக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலிருந்தே லாரியில் ஏற்றிப் போனார்கள். பால்மரம் வெட்டும் பெண் அவள், எனக்கு இரண்டு மூன்று வயது மூத்தவள். மரங்களின் நிறையில் நடக்கும்போது இடது கணுக்காலுக்கு மேலே முள் கீறியிருக்கிறது. தின்ன ஒன்றும் இல்லாத உடம்பில் கீறல் ஆறுமா? புண்ணாகி, புண் குழியாகி, ஒரு மங்குக் கிண்ணத்து அகலத்துக்கு வந்தபிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். முனியாண்டி அண்ணன் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அது போன்ற புண்ணுக்கு அப்போது ஒரே வைத்தியம், காலை எடுப்பது.

ஐயா குனிந்து பார்த்தார். அவருக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. முகத்தைப் புண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "இது உம்முடைய புண்" என்று என்னிடம் சொன்னார்.

அது அவருடைய சட்டம். ஒரு புண்ணுக்கு ஒரு கை. யார் முதலில் கட்டுகிறாரோ அவரே ஆறும் வரை கட்ட வேண்டும். "நேற்று எப்பிடி இருந்தது எண்டு நேற்றுப் பார்த்த கண்ணுக்குத்தான் தெரியும். கை மாறினா புண் குழம்பிப் போகும்" என்பார்.

கட்டும் முறையைச் சொல்கிறேன். இந்தக் காலத்து நர்சுகள் சிரித்தாலும் சிரிக்கட்டும். பழைய வேட்டிக் கிழிசலை மண்ணெண்ணெய் டின்னில் போட்டு அவித்து, வெயிலில் காயவைத்து, கை படாமல் இடுக்கியால் சுருட்டி வைக்க வேண்டும். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரைத் தேநீர்க் கெண்டியில் ஊற்றி, உயரத்திலிருந்து மெல்லிய தாரையாகப் புண்மேல் விட வேண்டும். துடைக்கக் கூடாது. பிறகு ஐயாவின் சின்ன வெள்ளிக் கரண்டி. சாம்பல் நிறத்தில் இருப்பது செத்த சதை, அதற்கு வலி தெரியாது. ஓரத்திலிருந்து உள்ளே சுரண்டிக்கொண்டே போய், சிவப்புப் புள்ளி எட்டிப்பார்த்ததும் நிறுத்திவிட வேண்டும். சிவப்பு என்றால் உயிருள்ள இடம். அங்கே கரண்டி பட்டால் வீராயி கட்டிலோடு எழுந்துவிடுவாள்.

அடுத்தது நெருப்பில் வாட்டிய வாழைக் குருத்து. அதன்மேல் துணி. பிளாஸ்திரிக்கு எங்கே போவது? ரப்பர் தோட்டத்தில் பிளாஸ்திரி மரத்திலேயே வடிகிறது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த மரத்தில் அப்போது வெட்டிய பாலை, கோழி இறகால் தொட்டு, புண்ணுக்குத் தள்ளி நல்ல தோலில் பூசி, துணியின் ஓரத்தை அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது வரை படித்தவன் கை அது. ஒரு சொட்டு உள்ளே போகாது.

வாரம் ஒரு தடவை ஓர் ஈர்க்கை ஒடித்துப் புண்ணின் அகலத்தை அளந்து அவள் கட்டிலுக்கு மேலே கூரையில் செருகுவேன். போன வாரத்து ஈர்க்கை விட இந்த வாரத்து ஈர்க்கு குட்டை. அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாள்.

வாய் மட்டும் அடங்காது. கரண்டியை எடுத்தாலே ஆரம்பித்துவிடுவாள்.

"கெழங்கு தோலு சீவுற மாதிரி சீவுறியே தம்பி, பாத்துச் சீவு. கொழம்பு வெக்கவா போற?"

"அசையாதக்கா."

"நான் எங்க அசையறேன்? ஒன் கைதான் நடுங்குது. மொகரையப் பாரு, தாலி கட்டப் போற மாப்ள மாதிரி வேர்க்குது."

பக்கத்துக் கட்டில்களில் சிரிப்பார்கள். எனக்குக் காது சூடாகும். அதற்கு முன் என்னைப் பார்த்து யாரும் கேலி பேசியதில்லை. பேச ஆளே இல்லையே. காலையில் கண் விழித்ததும் இன்றைக்கு என்ன சொல்லப் போகிறாள் என்றுதான் முதலில் தோன்றும்.

ஒரு நாள் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது, கேலி இல்லாத குரலில் கேட்டாள். "தம்பி, நெஜத்தச் சொல்லு. கால் நிக்குமா? அவரு திரும்பி வரலன்னா நான் சயாமுக்குத் தேடிப் போகணும். ஒத்தக் கால வெச்சுக்கிட்டு ரயிலடி வரைக்கும்கூடப் போக முடியாது."

"நிக்கும்" என்றேன். எந்த டாக்டரும் சொல்லத் துணியாத வார்த்தை அது. நான் சொன்னேன்.

இந்த நேரத்தில்தான் இரண்டு இடமும் வந்தன. முதலில் பினாங்கு. அங்கே ஐயாவோடு படித்தவர் பெரிய டிரெசராக இருந்தார். இப்படி ஒருவன் இருக்கிறான், பயிற்சிக்கு எடுக்க முடியுமா என்று ஐயா சொல்லி அனுப்பியிருக்கிறார். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. "வரச் சொல்லியிருக்கினம்" என்றார், அவ்வளவுதான்.

அதே மாதம் அலோர் ஸ்டாரிலிருந்து ஜப்பான் டாக்டர் வந்தார். மலேரியாக் கணக்குப் பார்க்க மாதம் ஒரு தடவை லாரியில் வருவார். குட்டையானவர், சேறு படிந்த பூட்ஸ். ஆனால் கை கழுவ நின்றால் கனகசபை ஐயாவே அசந்துபோகிற மாதிரி நெடு நேரம் கழுவுவார். நான் வீராயிக்குக் கட்டுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். துண்டு துண்டான இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

"நல்ல கை எண்டு சொல்லுறார்" என்றார் ஐயா. "அலோர் ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரியில புதுசா ஆக்களைப் பழக்கினமாம். அடுத்த முறை வரேக்க லாரியில ஏறச் சொல்லுறார்."

நினைத்துப் பாருங்கள். பேரை எழுதவே நாக்கைக் கடித்துக்கொள்கிறவன். அவனுக்கு ஒரே மாதத்தில் பினாங்கும் அலோர் ஸ்டாரும். தோட்டத்து ஆளுக்கு அந்த இரண்டும் அன்று சீமைப் படிப்புக்குச் சமம். லயம் முழுக்க இதே பேச்சு.

முனியாண்டி அண்ணன் அலோர் ஸ்டார் கட்சி. "அரிசிச் சோறுடா அங்க. கையில பட்டை கட்டி வுடுவான், எந்தச் சோல்ஜரும் ஒன்னப் புடிச்சு சயாமுக்கு ஏத்த மாட்டான். பினாங்குல என்னா இருக்கு? கடல் காத்து. அதக் குடிச்சா வயிறு ரொம்புமா?"

"பினாங்குல படிச்சாத்தான் சண்ட முடிஞ்சாலும் செல்லும்ணே. ஐயாவப் பாருங்க."

"ஐயாவப் பாத்துட்டுத்தான் சொல்றேன். கஞ்சி போட்ட கோட்டு, கஞ்சி இல்லாத வயிறு."

வீராயி தன் கட்டிலில் இருந்தபடியே, "ரெண்டு எடத்துலயும் கால வெட்டத்தானே சொல்லித் தருவாங்க? எங்க வேணா போ. என் கால முடிச்சுட்டுப் போ" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கூரையில் இருந்த ஈர்க்குகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

பினாங்கில் ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்று சொன்னதால், சுங்கைப் பட்டாணியில் ரயில் ஏறி, பிறை ஸ்டேஷனில் இறங்கி, கப்பலில் அக்கரை போனேன். அங்கே இருந்த பெரிய டிரெசர் என்னிடம் ஒரு துணிச் சுருளைக் கொடுத்து, தன் முழங்கையில் கட்டச் சொன்னார். கட்டினேன். கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். சுவரில் ஓங்கி இடித்தார். கட்டு நகரவில்லை. "அடுத்த மாசப் பொறப்புக்கு வந்து சேந்துரு" என்றார். திரும்பும் கப்பலில் என்னைப் போல் ஒருவன் இல்லை என்று தோன்றியது. அதைச் சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இல்லை. தோட்டத்துக்குப் போய் முதலில் யாரிடம் சொல்லப் போகிறேன் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

வார்டுக்குள் போனேன். வீராயி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கேலி இல்லை. கட்டைப் பிரித்தேன். புண்ணைச் சுற்றி நல்ல தோல் எல்லாம் வெந்து, வெள்ளையாக உரிந்து கிடந்தது. குழியின் சிவப்பு முழுக்கக் கறுத்துவிட்டது.

நான் இல்லாத நாட்களில் முனியாண்டி அண்ணன் கட்டியிருக்கிறார். மழையில் மரத்தில் பால் வெட்ட முடியவில்லை. ஸ்டோரில் ஒரு மூலையில் வெள்ளைக்காரன் காலத்து ரப்பர் பால் டின் ஒன்று மூடி திறக்காமல் இருந்திருக்கிறது. கட்டிப்போகாமல் இருக்க அமோனியா கலந்த பால். அதைக் கொண்டுவந்து தாராளமாகப் பூசிவிட்டார்.

"நெடி மூக்க அறுத்திருக்குமேண்ணே. தெரியலயா?"

"தெரிஞ்சுது. நெடி அடிச்சாத்தானடா மருந்து? இங்க இருக்குற எந்த மருந்துடா மணக்குது?" என்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "அந்தப் புள்ள கத்துச்சு. மருந்து வேல செய்யுதுன்னு நெனச்சு காலப் புடிச்சுக்கிட்டேன்."

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ரப்பர் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். பால் என்றால் பால்தானே.

அன்றைக்கு ஒடித்த ஈர்க்கு, முதல் ஈர்க்கை விட நீளம்.

இரண்டு நாள் கழித்து ஜப்பான் டாக்டர், சொன்ன நாளுக்கு முன்பே வந்துவிட்டார். காலைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே உள்ளங்கையால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். அதை யாரும் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீராயி பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள்.

கனகசபை ஐயா நேராக நின்று, இங்கிலீஷில் நெடு நேரம் பேசினார். அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. கூரையிலிருந்து ஈர்க்குகளை எடுத்து மேசைமேல் வரிசையாக அடுக்கினார். குட்டையாகிக்கொண்டே வந்தவை, கடைசியாக நீண்டது. டாக்டர் அவற்றை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு தலையசைத்தார்.

"அடுத்த முறை வருமட்டும் தவணை" என்றார் ஐயா. "அப்பவும் கறுப்பா இருந்தா, லாரியில கொண்டு போயிடுவார். அதே லாரியில நீரும் ஏறலாம்."

அடுத்த முறை என்பது மாதப் பிறப்பை ஒட்டி. பினாங்கும் அப்போதுதான். நான் எந்தப் பக்கம் போவதானாலும் புறப்பட வேண்டிய நேரம் அதுதான்.

அன்று சாயங்காலம் ஐயா வெளியே தண்ணீர்த் தொட்டி அருகில் நின்றிருந்தார். பினாங்குக்குச் சீக்கிரம் புறப்படுவது நல்லது, ஜப்பான்காரர்கள் கெடாவைச் சயாம்காரனிடம் கொடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு, பிறகு பினாங்குக்குப் போகப் பாஸ் வேண்டியிருக்கும் என்றார். "இந்தக் காலை நான் பாக்கிறன்."

"ஐயாவுக்கு ஓரம் தெரியுதா?"

சிவப்புப் புள்ளி எங்கே ஆரம்பிக்கிறது என்று அவர் கண்ணுக்குத் தெரியாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இரு என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்காக இருந்தேன் என்று ஆகியிருக்கும்.

"அப்ப நான் எங்கயும் போகல ஐயா" என்றேன்.

"கையைக் கழுவினீரோ?" என்றார்.

அதன்பிறகு நான் செய்ததை எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தர மாட்டார்கள். வெந்த தோலில் எதையும் ஒட்ட முடியாது. பிளாஸ்திரி இல்லாமல், துணியை எட்டு மாதிரி பாதத்தைச் சுற்றிக் கட்டும் கட்டு ஒன்றை நானாகவே கண்டுபிடித்தேன். காலைக்கும் மாலைக்கும் உப்புத் தண்ணீர். கரண்டியை மூன்று நாள் தொடவில்லை, பிறகு தொட்டேன். ஆற்றோரம் போய்க் கீரை பறித்தேன், நத்தை பொறுக்கினேன், அவித்து ஊட்டினேன். எனக்கு ரேஷனில் வந்த கொஞ்ச அரிசியையும் அவள் கஞ்சியில் போட்டேன். போட்டது அவளுக்குத் தெரியாது. கைப்பட்டை இல்லாதவன் என்பதால் ஆள் பிடிக்கும் லாரிச் சத்தம் கேட்டால் ரப்பர் காட்டுக்குள் ஓடிப் படுத்துவிட்டு, போனதும் வந்து கை கழுவிக் கட்டுவேன்.

அவள் பேச்சு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது.

"பினாங்குக்காரரே, இன்னிக்கு என்னா நத்தையா? நாளைக்கு அலோர் ஸ்டார்லேருந்து தவள வருமா?"

நான் ஏன் போகவில்லை என்று அவள் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை, கட்டி முடித்ததும், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "தம்பி" என்றாள். நானும் "என்னக்கா" என்றுதான் கேட்டேன். பேரைச் சொல்லிக் கூப்பிட என் வாய்க்கு ஒரு நாளும் வரவில்லை.

லாரி வந்தது. டாக்டர் கட்டைத் தானே பிரித்தார். குழியின் அடி முழுக்க மாதுளை முத்து மாதிரி சிவப்பு. கட்டை விரலால் ஓரத்தை அழுத்தினார். ரத்தம் வந்தது. "யோஷி" என்றார், நல்லது என்று அர்த்தம். பிறகு என்னைப் பார்த்து லாரியைக் காட்டினார். வரவில்லை என்று நான் தலையை ஆட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். வீராயியின் காலை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, வெளியே போய்க் கை கழுவினார். பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவன் என் இடத்தில் ஏறிப் போனான். பினாங்கும் அந்த வாரத்தோடு போயிற்று. சீக்கிரமே கெடா சயாம் கைக்குப் போய், பாஸ் இல்லாமல் கப்பலடிக்குப் போக முடியாமல் ஆயிற்று.

வருத்தமா என்று அந்தப் பெண் கேட்டாள். வருத்தம் எதற்கு? சண்டை முடிந்து வந்த வெள்ளைக்கார டாக்டர் என்னை ஒரு வருஷம் பார்த்துவிட்டு, இவனுக்குப் பரீட்சை வேண்டாம் என்று டிரெசர் வேலை கொடுத்தார். கனகசபை ஐயா ஊருக்குப் போகும்போது வெள்ளிக் கரண்டியைத் துணியில் சுற்றி என் மேசையில் வைத்துவிட்டு, சொல்லாமல் போனார். அதன்பிறகு எத்தனையோ கால்களைக் காப்பாற்றினேன். ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸில் மூன்று அறை, நான் ஒருவன். கல்யாணக் கதையெல்லாம் கேட்காதீர்கள், நேரம் வாய்க்கவில்லை.

வீராயியின் புண் ஆறி, அவள் மறுபடி பால்மரம் வெட்டப் போனாள். ஜப்பான்காரன் தோற்ற பிறகு சயாமிலிருந்து ஆட்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். நம் தோட்டத்துக்கு வந்தவர்களில் அவள் புருஷன் இல்லை. செத்ததைப் பார்த்தேன் என்று சொல்லவும் ஆள் இல்லை. வடக்கே எல்லையை ஒட்டி ஒரு முகாமில் நடக்க முடியாதவர்கள் கிடக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். மறுநாள் காலையிலேயே துணி மூட்டையோடு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள்.

"போய்ட்டு வரேன் தம்பி."

"லாரி வருதாக்கா?"

"ரோட்டு வரைக்கும் நடந்துதான் போகணும். அதுக்குத்தானே கால வெச்சிருக்க."

"வழியில தண்ணி பட்டா தொடச்சுக்க. ஆறுன தோலு மெல்லிசு."

"சரிங்க டாக்டரே" என்றாள். அந்தப் பேச்சு எனக்குக் கடைசியாகக் கிடைத்தது.

ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் பாதை திகாம் பத்து ரோடு வரை நேராகப் போகும். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் காத்திருந்தது அவள் திரும்பிப் பார்ப்பதற்காக அல்ல. நொண்டுகிறாளா என்று பார்த்தேன். இடது கால் ஊன்றும்போது தோள் சாய்கிறதா, அடி குட்டையாக விழுகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. வேகமாக, நேராக, இரண்டு காலும் ஒரே மாதிரி போய்க்கொண்டிருந்தாள். எந்தக் கால் புண்பட்ட கால் என்று பின்னால் இருந்து பார்க்கிற யாராலும் சொல்ல முடியாது. பின்னால் இருந்து பார்த்தது நான் மட்டும்தான்.